பிரஸ்ஸல்ஸைக் கொளுத்திய ராய்ஸ்டன் ட்ரிங்

ராய்ஸ்டன் ட்ரிங் கெட்ட மனிதர் அல்ல. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் பின்வரும் பக்கங்களைப் படிப்பவர்கள் அவரைக் கெட்டவர் என்று முடிவுகட்டி, அவருக்குச் சற்றும் பொருந்தாத ஒரு பெருமையை வழங்கிவிடக்கூடும். சட்டத்தை மீறுவதற்கும் ஓர் அடிப்படைத் தகுதி வேண்டும்: எந்தச் சட்டத்தை மீறுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். ட்ரிங்கிடம் அந்தத் தகுதி ஒருநாளும் இருந்ததில்லை.

என் பெயர் ஏவ்ரில் ஸ்னீத். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், ஹோல்பீச் என்ற ஊருக்குக் கிழக்கே, கடலிடமிருந்து பிடுங்கிய தட்டை நிலத்தில், ட்ரிங்கின் பூப்பண்ணையும் அதை ஒட்டிய பேக்கிங் கொட்டகையும் இருக்கின்றன. அங்கே பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசி எட்டு ஆண்டுகள் பூ கட்டிப் பெட்டியில் வைக்கும் இரண்டாவது லைனுக்குச் சூப்பர்வைசராக இருந்தேன். அந்த வேலையிலிருந்து அவர் என்னை நீக்கினார். அதைத் திரும்பப் பெறுவதற்காக அவரைத் தொழிலாளர் தீர்ப்பாயத்தின் முன் நிறுத்தினேன். ஆனால் இது என் கதை அல்ல, ட்ரிங்கின் வாழ்க்கைக் குறிப்பு. அதில் நான் ஒரு சம்பவம் மட்டுமே. இங்கே எழுதியிருக்கும் பேச்சுகளில் என் காதால் கேட்காதது எதுவும் இல்லை. காகிதங்கள் ஆண்டுவாரியாக என் மாடியறையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஐயம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம்.

அவருடைய தகப்பனார் வில்ஃப் ட்ரிங் டாஃபடில் பூ பயிரிட்டார். மகன் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே வந்து தகப்பனாரின் வேனில் ஏறிக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்கு இதனால் இழப்பு எதுவும் இல்லை. வேனுக்குத்தான் லாபம். மொட்டை இரண்டு விரல்களால் மெல்ல அழுத்திப் பார்த்து, இது வியாழக்கிழமை விரியும், இது சனிக்கிழமை விரியும் என்று சொல்வார்; சொன்னபடியே விரியும். அந்த ஒரு திறமையை வைத்துத் தகப்பனாரின் சிறு பண்ணையைப் பெரிய பண்ணையாக்கினார். பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளுக்குப் பூ அனுப்பினார். பூவைப் படிக்கத் தெரிந்தவர். பூவைத் தவிர வேறெதையும் அவர் படித்ததாகத் தகவல் இல்லை.

ஆண்டு முழுவதும் அரைக்கால் சட்டைதான் போடுவார். பனி விழுந்தாலும் முழங்கால் தெரிய வேண்டும். குளிர் என்பது வெளிநாட்டார் கண்டுபிடித்த ஒரு பலவீனம் என்று அவர் நம்பினார். சோம்பேறி என்று அவரைச் சொல்ல முடியாது. அவசர காலத்தில் எங்களோடு நின்று வாளி தூக்குவார், பெட்டி ஒட்டுவார், தேநீர்கூட அவரே போட்டுக் கொண்டுவந்து தருவார். அந்தத் தேநீர் குடிக்கத்தக்கதாக இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதி ஒரே ஒரு எதிரியோடு கழிந்தது. அந்த எதிரி பிரஸ்ஸல்ஸ். பெல்ஜியத்தில் இருக்கும் நகரத்தைச் சொல்லவில்லை. அங்கே அவர் போனதே இல்லை. அவருக்குப் பிடிக்காத எல்லாவற்றுக்கும் அவர் வைத்திருந்த பொதுப்பெயர் அது. நடுவதற்கான பூக்கிழங்கு விலை ஏறினால் பிரஸ்ஸல்ஸ். ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது கத்தினால் பிரஸ்ஸல்ஸ். ஒரு நாள் கேன்டீனில் தலையில் போடும் வலையைப் பிய்த்து மேசைமேல் எறிந்தார்.

"இதை யாரு கண்டுபுடிச்சது தெரியுமா? பிரஸ்ஸல்ஸ்! பூவுக்கு எதுக்கு தலைவலை? பூவை யாராவது திங்கிறாங்களா?"

லிதுவேனியாவிலிருந்து வந்து பதினோரு ஆண்டுகளாக எங்களோடு வேலை பார்க்கும் டைவா, தன் சாண்ட்விச்சிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"அது பிரஸ்ஸல்ஸ் இல்ல பாஸ். சூப்பர்மார்க்கெட்டு. போன மாசம் உங்க பூங்கொத்துல ஒரு முடி இருந்துச்சுன்னு திருப்பி அனுப்பிச்சாங்களே."

"சூப்பர்மார்க்கெட்டுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"உங்க முடி பாஸ். நரைச்ச முடி. இங்க வேற யாருக்கும் நரைக்கல."

கேன்டீன் முழுவதும் சிரித்தது. ட்ரிங்கும் சிரித்தார். ஆனால் வலை விஷயத்தில் அவர் கருத்து மாறவில்லை. ஒரு செய்தி தவறு என்று தெரிந்தபிறகும் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் ஆற்றல் அவருக்கு இருந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் நான்கில் மூன்று பேர் வாக்களித்தார்கள். நான் எப்படி வாக்களித்தேன் என்பது இந்தக் குறிப்புக்குத் தேவையில்லை. வெளியேறும் நாளும் வந்தது. 2020 ஜனவரி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. அன்று மாலை ட்ரிங் கொட்டகைக்குப் பின்னால் உடைந்த மரத்தட்டுகளை அடுக்கித் தீ மூட்டினார். எல்லோருக்கும் சாஸேஜ், பியர். வெளியேறிச் செல்பவர்கள் நாட்டுக்காரர்கள், விருந்தில் பாதிப்பேர் அந்த ஒன்றியத்தைச் சேர்ந்த லிதுவேனியர்கள். இந்த முரண்பாடு லிதுவேனியர்களுக்கு மட்டும் புரிந்தது. அவர்கள் பேசாமல் பியர் குடித்தார்கள்.

சற்று நேரத்தில் அவர் அலுவலகத்துக்குள் போய் ஒரு தடித்த கோப்போடு திரும்பினார். உள்ளே இருந்தவை நாங்கள் எழுதிக்கொடுத்த சம்மதக் கடிதங்கள். வாரத்தில் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் யாரையும் வேலை வாங்கக்கூடாது என்பது விதி. தொழிலாளி தானாக முன்வந்து சம்மதம் எழுதிக் கொடுத்தால் வாங்கலாம் என்பது அந்த விதியிலேயே முதலாளிக்குக் கொடுக்கப்பட்ட சலுகை. அந்தச் சலுகைக்கு அவரிடம் இருந்த ஒரே சான்று அந்தக் கோப்பு.

"பிரஸ்ஸல்ஸ் காகிதம்!" என்று கூவினார். "பாருங்க எப்படி எரியுதுன்னு!"

"பாஸ், அதுல என் கையெழுத்து இருக்கு" என்றேன்.

"இருந்தா என்ன கண்ணு? இனிமே நீ சுதந்திரப் பிறவி."

"அது உங்களுக்குப் பாதுகாப்பு பாஸ். எங்களைக் கூடுதல் நேரம் வேலை வாங்குறதுக்கு நாங்க கொடுத்த சம்மதம்."

"உன்னை வேலை வாங்க நான் யார்கிட்ட சம்மதம் கேக்கணும்? இந்தா, சாஸேஜைத் தின்னு."

சங்கிலி என்று நினைத்துத் தன் கேடயத்தைத் தீயில் போட்டுவிட்டு, அது எரியும் வெளிச்சத்தில் தேசியகீதம் பாடிய ஒரு மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். அந்தத் தேசியகீதத்திலும் இரண்டாவது அடி அவருக்குத் தெரியவில்லை.

அவர் நினைத்தது மிக எளிமையானது. வெளியே வந்து கதவைச் சாத்தினால், உள்ளே இருந்த சட்டமெல்லாம் உள்ளேயே கிடந்துவிடும். நடந்தது அதுவல்ல. கூட்டுக் குடும்பத்திலிருந்து தனிக்குடித்தனம் போகிறவன் அடுப்பையும் பாத்திரத்தையும் கட்டிக்கொண்டுதான் போகிறான். போன முதல் நாளே சோறு பொங்க வேண்டும். நாடாளுமன்றமும் அப்படியே ஐரோப்பியச் சட்டங்களை மூட்டை கட்டி எடுத்துவந்து நம் வீட்டு அலமாரியில் அடுக்கியது. வேண்டாததைப் பிறகு பொறுக்கி எறியலாம். எறியும்வரை அது நம் சட்டம். அதிலும் வேலைநேர விதிகள் தொடக்கத்திலேயே லண்டனில் எழுதப்பட்டவை. பிரஸ்ஸல்ஸ் சொல்லி எழுதினார்கள், அவ்வளவுதான். இந்தச் செய்தியை அரசாங்கமே முதலாளிகளுக்கெல்லாம் சொல்லியிருந்தது. ட்ரிங்குக்கும் சொல்லியிருந்தது. அவருக்கு வரும் அரசாங்கக் கடிதங்கள் கேன்டீனில் ஆடும் மேசைக்கால்களுக்கு அடியில் பயன்பட்டன.

இரண்டு ஆண்டுகள் எதுவும் நேரவில்லை. எதுவும் நேராததைத் தன் கொள்கை சரி என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டார்.

2022இல் அன்னையர் ஞாயிறு மார்ச் மாதக் கடைசியில் வந்தது. நாடு முழுவதும் தாய்மார்களுக்குப் பூ வாங்கும் நாள் அது. எங்கள் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு அந்த ஒரு வாரத்தில்தான். அந்த ஆண்டு பூ இருந்தது, ஆள் இல்லை. லிதுவேனியர்களில் பாதிப்பேர் ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். புதியவர்கள் வருவதற்கு வழி அடைபட்டிருந்தது. ஆள் எதனால் குறைந்தது என்று கொட்டகையில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. இருக்கும் ஆளை இரண்டு மடங்கு வேலை வாங்கினால் போதும் என்று ட்ரிங் கணக்குப் போட்டார்.

அந்தக் கூடுதல் வேலை தொடங்கிய முதல் வாரத்திலேயே டைவாவின் கார் வாய்க்காலில் விழுந்தது. எங்கள் பக்கத்துச் சாலைகள் எல்லாம் இருபுறமும் ஆழமான வாய்க்கால் ஓடும் சாலைகள். மூடுபனியில் விழித்துக்கொண்டு ஓட்டுவதே கடினம், அவள் விழித்திருக்கவில்லை. பதினைந்து மணி நேரம் நின்றுவிட்டு, சில மணி நேரம் கண்ணை மூடிவிட்டு, மறுபடி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். தண்ணீர் குறைவாக இருந்ததால் தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு பிழைத்தாள்.

அடுத்த புதன்கிழமை, பிற்பகல் தேநீர் இடைவேளையில், ட்ரிங் ஒரு மரத்தட்டின்மேல் ஏறி நின்று அறிவித்தார்.

"இன்னைக்கு ராத்திரி பதினொண்ணு வரைக்கும் ஓடும். நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு எல்லாரும் இங்க நிக்கணும். சனிக்கிழமை வரைக்கும் இதேதான். வில்ஃப் ட்ரிங் காலத்துல நாங்க தூங்கவே மாட்டோம், தெரியுமா?"

"நடுவுல ஆறு மணி நேரம்தான் இருக்கு பாஸ்" என்றேன். "பதினோரு மணி நேரம் இருக்கணும்."

"யார் சொன்னா?"

"சட்டம்."

"எந்தச் சட்டம்? அது செத்து ரெண்டு வருஷம் ஆச்சு கண்ணு. நான்தான் கொளுத்தினேன். நீதான் பக்கத்துல நின்னு சாஸேஜ் தின்னே."

"ஒண்ணே ஒண்ணு தின்னேன். அதுவும் வேகல."

சிரிப்பு எழுந்து அடங்கியது. நான் எழுந்து நின்றேன்.

"டைவா வாய்க்கால்ல கெடந்ததை எல்லாரும் பார்த்தோம். என் வீடு இங்கேருந்து இருபது மைல். என் லைன்ல இருக்கிறவங்க வீடும் அப்படித்தான். பதினொண்ணுக்கு முடிச்சா காலைல பத்துக்கு வர்றோம். அதுக்கு முன்னாடி முடியாது."

"டைவா கண்ணாடி போட்டுக்கிட்டு ஓட்டணும்."

"அவ தூங்கிட்டா பாஸ். தூங்குறவளுக்குக் கண்ணாடி எதுக்கு?"

அவர் கழுத்து சிவந்தது. மொட்டு விரிவதைப் போலவே அவர் கோபத்தையும் முன்கூட்டியே கணிக்க முடியும். முதலில் கழுத்து, பிறகு காது.

"நீ வர்றியா, வரலையா?"

"பத்து மணிக்கு வர்றேன்."

"பத்து மணிக்கு வந்தா வாசல் கேட் உனக்குப் பூட்டித்தான் இருக்கும்."

மறுநாள் பத்து மணிக்குப் போனேன். வாயிற்கதவுக்கு வெளியே தரையில் என் ஏப்ரனும் என் தேநீர்க் கோப்பையும் வைக்கப்பட்டிருந்தன. உள்ளே நின்ற ட்ரிங், கம்பிகளுக்கு இடையே, "வேலை செய்ய மறுத்த ஆளு எனக்கு வேண்டாம். கிளம்பு" என்றார். அந்த ஒரு சொற்றொடரை அவர் அன்று மாலை பப்பில் சொன்னார். வெள்ளிக்கிழமை சந்தையில் சொன்னார். வாரக் கடைசிக்குள் எங்கள் ஸ்பால்டிங் வட்டாரத்தில் உள்ள பூக் கொட்டகை முதலாளிகள் எல்லோருக்கும் நான் வேலை செய்ய மறுத்தவள். ஒருவர்கூட என்னை எடுத்துக்கொள்ளவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றே. ஆகவே ட்ரிங்கின் கொட்டகையில் என் இடம் திரும்பக் கிடைத்தால்தான் எனக்கு வேலை உண்டு, இல்லையேல் இல்லை. தீர்ப்பாயத்தில் நான் கேட்டது அது ஒன்றுதான்: இரண்டாவது லைனில் என் இடம்.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை. நூலகத்துக்குப் போய்ச் சட்டத்தை நானே படித்தேன். ஓய்வு நேர விதியை மீறும் கட்டளையை மறுத்ததற்காக ஒருவரை நீக்கினால், அந்த நீக்கம் செல்லாது. என் வழக்கு இந்த ஒற்றைத் தூணின்மேல் நின்றது. தூண் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் தொடர்ந்து படித்தபோது அந்த விதிகளிலேயே வேறொரு பிரிவு என் கண்ணில் பட்டது. அதை மூன்று முறை படித்தேன்.

விவசாயம் போன்ற தொழில்களில், முன்பே எதிர்பார்க்கத்தக்க வகையில் வேலை திடீரெனக் குவியும் காலங்களில், அந்தப் பதினோரு மணி நேர ஓய்வைத் தள்ளிவைக்கலாம் என்று அந்தப் பிரிவு சொன்னது. நிபந்தனை ஒன்றுதான்: தள்ளிவைத்த ஓய்வுக்கு ஈடான ஓய்வைப் பிறகு கொடுத்துவிட வேண்டும்.

அன்னையர் ஞாயிற்றைவிட முன்பே எதிர்பார்க்கத்தக்க நாள் வேறெது? ஈடான ஓய்வுக்கும் ட்ரிங்கிடம் குறைவில்லை. ஞாயிறு முடிந்ததும் திங்களும் செவ்வாயும் கொட்டகையை மூடிவிடுவது வில்ஃப் ட்ரிங் காலத்திலிருந்தே வழக்கம். எல்லோருக்கும் சம்பளத்தோடு விடுமுறை. கையில் ஆளுக்கொரு 'பை', அதாவது மாவுக்குள் பன்றி இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம். என்னை நீக்கிய அந்த ஆண்டும் தவறாமல் மூடினார். எனக்குத்தான் விடுமுறையும் இல்லை, பையும் இல்லை. ஆனால் "அவளும் இருந்திருந்தால் அவளுக்கும் கிடைத்திருக்கும்" என்று அவர் ஒரு வாக்கியம் சொன்னால் என் தூண் ஆட்டம் காணும். அவர் எரித்துக் கொண்டாடிய பிரஸ்ஸல்ஸ் விதிக்குள், அவரைப் போன்ற ஒரு பூ வியாபாரிக்காகவே அளவெடுத்துத் தைத்த ஒரு வாசல் இருந்தது. அதை அவருக்குக் காட்டுவது என் வேலை அல்ல.

பதினோரு மாதங்கள் கழித்து லிங்கன் நகரத்தில் விசாரணை. ட்ரிங் அன்று நீளக் கால்சட்டை போட்டிருந்தார். யாரிடமோ கடன் வாங்கிய கால்களோடு வந்தவர்போல நடந்தார். அவருக்காக மிஸ் இம்ரி என்ற இளம் வழக்கறிஞர் வந்திருந்தார். வழக்கு அவர் கைக்கு முந்தைய வாரம்தான் போயிருக்கிறது. அதற்கு முன் தீர்ப்பாயத்துக்கான பதிலை ட்ரிங் தாமே எழுதி அனுப்பியிருந்தார். அதன் சாரம்: குறிப்பிட்ட சட்டம் ஐரோப்பியச் சட்டம்; நாடு வெளியேறிவிட்டது; ஆகவே சட்டமும் போய்விட்டது; ஆகவே வழக்கு இல்லை. கடைசியில் பெரிய எழுத்தில் 'வாழ்க பிரிட்டன்' என்றும் எழுதியிருந்தார்.

நீதிபதி அறுபது வயதுப் பெண்மணி. அந்தப் பதிலை ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"மிஸ் இம்ரி, அந்த விதிகள் இப்பவும் நடைமுறையில இருக்குங்கறதுல உங்களுக்கு மறுப்பு இல்லையே?"

"இல்லைங்க. ஆனா விதிகளுக்குள்ளேயே சில விலக்குகள் இருக்கு. அதுல ஒண்ணை நாங்க முன்வைக்கலாம்னு..."

வாசலை அந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டார்.

"விலக்கா?" என்று ட்ரிங் எழுந்தார். "யாரோட விலக்கு? அவங்க கொடுக்குற விலக்கெல்லாம் எனக்கு வேண்டாம்."

நீதிபதி பத்து நிமிடம் இடைவேளை கொடுத்தார். இரு தரப்புக்கும் தனித்தனி அறைகள் உண்டு. ஆனால் ட்ரிங்குக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. நடைபாதையில் காபி இயந்திரத்தின் அருகே நின்ற எனக்கு, மூடிய கதவுக்குப் பின்னால் இருந்து ஒவ்வொரு சொல்லும் கேட்டது. மிஸ் இம்ரியும் அவரை எட்டுவதற்காகக் குரலை உயர்த்திக்கொண்டே போனார்.

"மிஸ்டர் ட்ரிங், ஒரே ஒரு வரி சொன்னா போதும். சீசன் நேரம், ஓய்வைத் தள்ளி வச்சேன், திங்கள் செவ்வாய் அதுக்கு ஈடாக் கொடுத்தேன். அவ்வளவுதான்."

"திங்கள் செவ்வாய் மூடுறது எங்கப்பா வச்ச வழக்கம்."

"நல்லது. அதையே சொல்லுங்க."

"அதைச் சொல்லிட்டு, அது பிரஸ்ஸல்ஸ் விதிப்படி கொடுத்த ஓய்வுன்னும் சொல்லணும். அதானே?"

"விதிப்படின்னு சொல்ல வேணாம். ஈடான ஓய்வுன்னு..."

"எங்கப்பா பிரஸ்ஸல்ஸ்னு ஒரு ஊர் இருக்குறதே தெரியாம வாழ்ந்து செத்தாரும்மா. அவர் கொடுத்த லீவுக்கு நான் போய் அவன் பேரை வைக்கணுமா?"

"பேரு எதுவா இருந்தா என்ன சார்? ஜெயிச்சிடலாம்."

"அப்படி ஜெயிக்கிறதுக்குத் தோத்துடலாம்."

ஒரு கணம் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். வரவில்லை. தகப்பனாரின் மானத்தைக் காக்க அவ்வளவு துடித்தவர், தகப்பனார் ஒருநாளும் யாரையும் வாயிற்கதவுக்கு வெளியே நிறுத்தியதில்லை என்பதை மட்டும் வசதியாக மறந்திருந்தார். அதோடு, என் பயம் இன்னும் தீரவில்லை. அறைக்குள் முரண்டு பிடிப்பவர்கள் நீதிபதியின் முன் பணிந்துபோவதை எத்தனையோ முறை கேள்விப்பட்டிருக்கிறேன்.

மறுபடி கூடினோம். ட்ரிங் பைபிளின்மேல் கைவைத்து உறுதிமொழி எடுத்தார். குறுக்கு விசாரணை என் முறை. டைவாவின் விபத்தைப் பற்றிக் கேட்டேன், மரத்தட்டின்மேல் நின்று அவர் சொன்னதைப் பற்றிக் கேட்டேன், வாயிற்கதவைப் பற்றிக் கேட்டேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். திங்களையும் செவ்வாயையும் பற்றி நான் கேட்கவில்லை. உட்கார்ந்தேன். அப்போது நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் ஒண்ணு கேட்கணும், மிஸ்டர் ட்ரிங். அந்த வாரம் முடிஞ்சதும் உங்க ஆட்களுக்கு ஓய்வு ஏதாவது கொடுத்தீங்களா?"

மிஸ் இம்ரி தன் கட்சிக்காரரை நோக்கி ஏறக்குறைய ஜெபிக்கும் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு நாள் மூடினோம்."

"சம்பளத்தோடயா?"

"சம்பளத்தோட. பையோட."

"அவங்க இழந்த ஓய்வுக்கு ஈடா அந்த ரெண்டு நாளைக் கொடுத்தீங்களா?"

அவர் கழுத்து சிவந்தது. பிறகு காது. எனக்கு முன்னால் இருந்த காகிதங்களில் ஒரு எழுத்துகூட என் கண்ணுக்குத் தெரியவில்லை.

"இல்ல" என்றார் ட்ரிங். "யாருக்கும் ஓய்வு கொடுக்க நான் கடமைப்பட்டவன் இல்ல. கட்டுறதுக்குப் பூ இல்ல, அதனால மூடினேன். இது இங்கிலாந்து. இங்க மூடணும்னா மூடுவோம், திறக்கணும்னா திறப்போம்."

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்கு நேரம் இருக்கு."

"யோசிச்சுத்தான் சொல்றேன். முப்பது வருஷமா யோசிச்சிருக்கேன்."

மிஸ் இம்ரி பேனாவின் மூடியை மெல்ல மாட்டினார். நீதிபதி இரண்டு வரி எழுதிக்கொண்டார்.

விதியை நினைத்தே மூடினேன் என்று பொய் சொல்லியிருந்தால் அவர் வென்றிருப்பார். ஆண்டுதோறும் ஆட்களுக்கு ஓய்வு கொடுப்பவர் என்ற தன்னைப் பற்றிய உண்மையை நேராகச் சொல்லியிருந்தாலும் வென்றிருப்பார். இரண்டுக்கும் நடுவே பெருமை என்று ஒரு குறுகிய இடம் இருக்கிறது. அதில் ஒருவர் மட்டுமே நிற்க முடியும், நின்றவர் திரும்ப முடியாது. முப்பது ஆண்டுகளாக எந்தச் சட்டத்தைத் திட்டினாரோ அதில் ஒரு பக்கத்தைக்கூட அவர் புரட்டியதில்லை. ஒரு பக்கம் புரட்டியிருந்தால், உலகத்தில் தன்னைப் போன்றவர்களை நினைத்து யாரோ ஒரு குமாஸ்தா பரிவோடு உட்கார்ந்து எழுதியிருக்கிறான் என்பது தெரிந்திருக்கும்.

மாலையில் தீர்ப்பு. விதிகள் உயிரோடு இருக்கின்றன, கட்டளை விதிக்கு மாறானது, விலக்கை முதலாளியே கைவிட்டார், நீக்கம் செல்லாது. அடுத்தது எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி. என்னைத் திரும்ப வேலையில் அமர்த்துவது நடைமுறைக்கு ஒத்துவருமா? இத்தகைய வழக்குகளில் முதலாளிகள் வழக்கமாக ஒரே பதிலைச் சொல்வார்கள்: நம்பிக்கை போய்விட்டது, சேர்ந்து வேலை செய்ய முடியாது. அதைச் சொன்னால் பெரும்பாலும் இழப்பீட்டோடு கதை முடியும், வேலை கிடைக்காது. மிஸ் இம்ரி அதைத்தான் அவர் காதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மிஸஸ் ஸ்னீத்தோட வேலையில ஏதாவது குறை உண்டா?" என்று நீதிபதி கேட்டார்.

"வேலையிலயா?" ட்ரிங் திகைத்தார். பூ சம்பந்தமான கேள்விகளில் அவருக்குப் பொய் வராது. "வேலையில என்ன குறை? இப்ப அந்த லைன்ல இருக்கிறவனுக்கு மொட்டும் தெரியாது, மலரும் தெரியாது. சனிக்கிழமை விரியிற பூவை வியாழக்கிழமைப் பெட்டில போடுறான். மூணு லோடு திரும்பி வந்துருச்சு."

"அப்ப திரும்பச் சேர்த்துக்கறதுல நடைமுறைச் சிக்கல் எதுவும் இல்லை?"

மிஸ் இம்ரி கண்களை மூடிக்கொண்டார்.

"சிக்கல் என்ன சிக்கல்? வாய்தான் ஜாஸ்தி" என்றார் ட்ரிங்.

ஆணை பிறந்தது. அதே இடம், அதே லைன், இடையில் வேலை நிற்காததுபோல.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. எனக்குத் துணையாக வந்திருந்த டைவா, முறியாத பக்கத்துக் கையால் எனக்குக் குடை பிடித்திருந்தாள். ட்ரிங் எங்களை நோக்கி வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை; அவரும் அந்த எதிர்பார்ப்பைக் காப்பாற்றினார்.

"திங்கக்கிழமை வந்துரு. அன்னையர் ஞாயிறு வருது. லைன் ரெண்டு நாறிக் கெடக்கு."

"வர்றேன் பாஸ். எத்தனை மணிக்கு?"

சாதாரணக் கேள்விதான். பத்தொன்பது ஆண்டுகளில் ஆயிரம் முறை கேட்டிருப்பேன்; ஆயிரம் முறையும் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பார். இப்போது வாயைத் திறந்தார். மூடினார். மழையில் நனைந்துகொண்டே திரும்பி, சற்றுத் தள்ளித் தன் காரின் கதவைத் திறந்துகொண்டிருந்த மிஸ் இம்ரியைப் பார்த்தார்.

"எட்டு மணின்னு சொல்லுங்க மிஸ்டர் ட்ரிங்" என்றார் அந்தப் பெண், அலுப்போடு.

"எட்டு மணி" என்றார் ட்ரிங்.